துவர்

கெனான் நிற அட்டை எதையும் காட்டவில்லை.
பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.
"இந்தச் சிவப்பு. நாலாயிரம் கல்."
எலாஸிக், இஸ்தான்புல், சென்னை,
பிறகு பல்லவனில் காரைக்குடி,
மூன்று சட்டைக்குள் சுருண்டு
ஆத்தங்குடி வரை வந்த சிவப்பு.

பதினோரு நாள் ஃபிரிட்ஜில் நின்றது
மாவுச் சட்டிக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே
வீடு மாறி வந்துவிட்ட சம்பந்தியைப் போல.

வெள்ளி இரவு திறந்தோம்.
பட்டறை ஸ்க்ரூ ஒன்று, கட்டிங் பிளேயர், என் முழங்கால்.
தக்கை கழன்ற சத்தத்துக்கு
எதிர்வீட்டு நாய் மட்டும் விசாரித்தது.

சிகப்பி பல் டாக்டர். குடிக்கமாட்டாள்.
"காலைல ஒன்பது மணிக்கு எனக்கொரு கடைவாய்ப்பல் இருக்கு"
என்றபடியே எவர்சில்வர் டம்ளரை நீட்டினாள்.
அதில் நிறம் தெரியவில்லை.
கண்ணாடிக்கு மாற்றினேன்.
எங்கள் கல்லும்
கண்ணாடிமேல் குப்புறக் கிடந்துதானே பிறக்கிறது,
முகம் கடைசியில்தான் தெரியும்.

முதல் வாய், களாக்காய்.
உப்புப் படாதது, முள்ளோடு பறித்தது.
அடுத்து நாவல்.
அப்புறம் ரொம்ப தூரத்தில்
யாரோ கல்பாசி டப்பாவைத் திறந்து மூடினார்கள்.
எல்லாம் போன பிறகு
கன்னத்தின் உட்பக்கத்தை
ஈரத்துணியாய் முறுக்கிப் பிழிந்துவிட்டு
அதுவும் போனது.

நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்து
"துவர்க்குது" என்றாள், சீட்டு எழுதுகிற குரலில்.
"ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னாங்களே,
அந்தத் துவர்ப்புதான். என்ன, அதுல பல்லு கறுக்காது."

எனக்கு அந்தச் சொல் வேறு பக்கம் திரும்பியது.
துவர் என்றால் சிவப்பும்தான்.
நாக்குக்கும் கண்ணுக்கும் ஒரே சொல்லை வைத்தவன்
இப்படி ஏதோ ஒன்றைக் குடித்துவிட்டுத்தான்
வைத்திருப்பான்.

மிளகுக் கோழியோடு ஒத்துவரவில்லை,
ஒரே தொண்டையில் பங்காளிச் சண்டை.
பூண்டுக் குழம்பு அதை ஊமையாக்கியது.
சுட்ட கத்திரிக்காய் கோசமல்லி மரியாதைக்கு இரண்டு வார்த்தை பேசியது.
தட்டோரம் மிஞ்சிய சுவரொட்டி,
நல்லெண்ணெய், மிளகு, கல்லுப்பு, வேறொன்றுமில்லை.
கடித்துக்கொண்டு குடித்தபோது
முறுக்கிய துணி அவிழ்ந்தது.
இரும்பு இனித்தது.

"இதுக்குப் பேரு?"
லேபிளில் இரண்டு திராட்சை இருந்தது.
கெனான் சொல்லியிருந்தார்:
ஒன்று தொண்டைக்கரிப்பான்.
"எங்க தேவகோட்டை சித்தப்பா" என்று சிரித்தாள்.
மற்றது எருதுக்கண்.

சிரிப்பு நின்றது.

சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்த ஒரு சாயங்காலம்,
அவளுக்குப் பத்து வயசு,
பிடிபடாத காளை ஒன்று
வாசல் குழாயடியில் தண்ணீர் குடித்ததாம்.
கொம்பில் யாருடைய துண்டோ.
கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம், ஒரு முழத்தில், இவள்.
"அது என்னைப் பாக்கல.
ஆனா நான் அதுக்குள்ள தெரிஞ்சேன்.
தெருவிளக்கும் தெரிஞ்சுது."

கண்ணாடியை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
இருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

காலை ஒன்பதேகாலுக்குப் போன் வந்தது.
கடைவாய்ப்பல்காரர் வாயைத் திறக்காமல்
டாக்டரின் பல்லையே பார்க்கிறாராம்.

ஆக்சைடு கலந்தேன்.
முதல் கல் வெறும் செங்கல்.
இரண்டாவது கத்திரிக்காய்த் தோல்.
மூன்றாவதில் கறுப்பு ஒரு சிட்டிகை கூடிவிட்டது,
எனக்குப் பிடித்திருந்தது.
தொட்டித் தண்ணீரில் ஊறி, காய்ந்து, துடைத்து,
பத்தாம் நாள் படம் அனுப்பினேன்.
கெனானின் பதில் ஒரு வரி:
"இது நேற்றைய கிளாஸ்."

அதற்குள் பாட்டிலின் மிச்சம் புளித்திருந்தது.
சிகப்பி மோந்து பார்த்தாள்,
நறுக்கி வைத்திருந்த சின்ன வெங்காயத்தில்
ஊற்றினாள்.