ஐந்து, ஏழு

மூன்றாவது முறையாக வருகிறேன் இந்த வயலுக்கு.
அதே முக்காலி, அதே சிவப்பு முளைகள்.
ஃபொர்மெலா இம்முறை தேநீர் தரவில்லை.

முதல் சட்டப்படி
காற்றாலைக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவே
கோபுர உயரத்தைப்போல் பத்து மடங்கு வேண்டும்.
அளந்தேன். ஏரிக்குள் போய் விழுந்தது புள்ளி.
ஏழு ஆண்டுகள்
ரொட்டிப் பெட்டிக்கு அடியில் பழுப்பேறியது குத்தகைப் பத்திரம்.
அடுப்பில் நிலக்கரி, விலை மட்டும் ஏறி.

பிறகு வார்சாவில் ஐநூறு மீட்டர் என்றார்கள்.
ஐநூறென்றால் உருளைக்கிழங்குப் பாத்தி, அவருடையதேதான்.
பெனிக்னா உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டாள்:
கூரை, டிராக்டர் கடன், பல்.

கடைசி நேரத்தில் யாரோ ஒருவர் எழுந்து
ஐந்தை ஏழாக்கினார்.
ஒரே ஓர் இலக்கம்.
ஏனென்று வானொலி சொல்லவில்லை,
வானிலைக்குப் போய்விட்டது.

எழுநூறில், முளை
வேலி தாண்டி நிற்கிறது
பத்து வருடமாகப் பேச்சில்லாத மைத்துனரின் பீட்ரூட் நிலத்தில்.

அடித்தேன். உறைந்த மண், பாதிக்கு மேல் இறங்க மறுத்தது.
காற்று வரைபடத்தைப் பிடுங்கிக்கொண்டு
வேலிக்கு இப்பாலும் அப்பாலும் இழுத்தடித்தது.
ஓடிப்போய்ப் பிடித்துத் தந்தவர் ஃபொர்மெலாதான்,
மூச்சிரைக்க.

"முளையை ஆழமாக அடிக்காதீர்கள்" என்றார்.
"அடுத்த தேர்தல் எப்போது?"