இருநூறு

காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில்
பதினெட்டு அறை லாட்ஜ்.
அதன் முன்பதிவுக்கு நிரல் எழுதியவள் நான்,
சத்துவாச்சாரி மாடியறையில்,
சுவரெல்லாம் சூடு கக்கிய ஒரு மே மாத இரவில்.

முயன்று பார் என்று ஓர் அடைப்புக்குறி திறந்தேன்.
தவறினால் பிடி என்று இன்னொன்று.
பிடித்ததை என்ன செய்வது?
தூக்கம் வந்தது.
பிறகு எழுதலாம் என்று குறித்துவிட்டுக்
காலியாகவே மூடினேன்.

மூன்று வருடம் ஒழுங்காக ஓடியது.
அதாவது, விழுந்ததெல்லாம் அந்தக் காலிக்குள் விழுந்தது.
சத்தம் வரவில்லை.

எங்கள் ஊரைச் சொல்லிச் சிரிப்பார்கள்:
ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு.
சிரிக்கட்டும்.
பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால்
மணல் மணலாகத்தான் கிடக்கிறது.
வெள்ளம் போகிறது என்று அது யாரிடமும் சொன்னதில்லை.
என் நிரல் சொன்னது.

பிமல் மாஹாதோ, புருலியா.
மனைவிக்கு இதய வால்வு, ஏழாம் தேதி டாக்டர்.
பணத்தை எடுத்துக்கொண்ட வங்கி
முப்பது வினாடி வாய் திறக்கவில்லை.
டேட்டாபேஸில் அவர் வரி எழுதப்படாமலே நின்றது.
பிழை எழுந்தது,
எழுந்த இடத்திலேயே விழுங்கப்பட்டது.
சர்வர் அவர் ஃபோனுக்குப் பச்சை டிக் அனுப்பியது:
இருநூறு. எல்லாம் சரி.

காட்பாடியில் நாலு மணிக்கு இறங்கி
ஆட்டோவுக்கு முந்நூறு கொடுத்து வந்து
கலீல் பாயிடம் பச்சை டிக்கை நீட்டியிருக்கிறார்.
பாயின் திரையில் அந்தப் பெயர் இல்லை.
பதினெட்டும் நிரம்பியிருந்தது.
ஃபோனைத் தட்டித் தட்டிக் காட்டினாராம்.
அந்தம்மா எக்ஸ்ரே உறையை அணைத்தபடி
படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

எனக்குத் தெரிந்தது பதினொரு மணிக்கு.
பாய் திட்டவில்லை.
"ஏம்மா மேகலா, உன் மெஷினுக்குத்
தெரியலன்னு சொல்ல வராதா?
எனக்கு இந்தி தெரியாதுன்னு
தினமும் இந்தியிலயே சொல்றேனே நான்."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். நீல மையில்:
4.50. மாஹாதோ. ரெண்டு பேர். ஆப்பில் பேர் இல்லை.
ரூம் காலி இல்லை. என் ரூம் கொடுத்தேன்.
நேரம், பெயர், எது தவறியது, என்ன செய்தது.
இத்தனை வருடத்தில் நான் படித்த
மிகச் சுத்தமான லாக்.

அன்றிரவு அந்த அடைப்புக்குறியைத் திறந்தேன்.
விழுங்காதே, மேலே அனுப்பு.
படிப்படியாக ஏறட்டும்,
பதில் சொல்லத் தெரிந்தவரிடம் போய் நிற்கட்டும்.
பாதி எழுதியதைத் திரும்ப எடு.
ஒருமுறை தொட்ட பணத்தை மறுமுறை தொடாதே.

பிறகு, கடைசியாகக் காட்டும் பக்கம்.
ஃப்ரேம்வொர்க் கொடுத்த வாசகம்:
ஏதோ தவறு நேர்ந்துவிட்டது.
ஏதோ.
நேர்ந்துவிட்டதாம், ஆலங்கட்டி மழை மாதிரி.
அழித்தேன்.
அறை பதிவாகவில்லை, ரயில் ஏறாதீர்கள் என்று எழுதினேன்.
வால்வு பழுதானவளிடம் ஏறாதே என்று எப்படிச் சொல்வது?
அதையும் அழித்தேன்.
அறை பதிவாகவில்லை. தவறு எங்களுடையது.
இந்த எண்ணில் கூப்பிடுங்கள்.

எதிர்வீட்டு நர்ஸ் தீபாலி வங்காளத்தில் எழுதித் தந்தாள்.
"எங்களுடையதுன்னா யாருது?" என்று கேட்டாள்.
அதன்பிறகுதான்
லாட்ஜ் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டேன்.

இப்போது லாக்கில் நாளுக்கு நாற்பது வரி.
முதலாளி பதறுகிறார்:
நல்லாத்தானே இருந்தது, கெடுத்துட்டியா?
ஏழாம் தேதி என்ன ஆனது என்று
பாயிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

இரண்டு பத்து. ஃபோன் அடிக்கிறது.
தெரியாத எண்.
எடுக்கிறேன்.
வங்காளம் எனக்குத் தெரியாது.
அதை மட்டும்
வங்காளத்தில் சொல்லப் பழகியிருக்கிறேன்.