மேசைக்கடியில் ஒரு சொல்

புதூரில் என் போட்டோக்கொப்பிக் கடை.
சீனன்குடாவிலிருந்து பறந்து வந்த பொடியன்
மழையால் திரும்ப ஏலாமல் மூன்று நாளாய்
இங்கே முடங்கிக் கிடக்கிறானாம்.
சட்டையில் பெயர் கமகெதர.
அறுபத்துநாலு பக்கம்,
இரண்டு பக்கமும் அடித்துச் சுருள் கட்டவேண்டும்.

மெஷின் சூடேறும்வரை புரட்டினேன்.
பி.எஃப்.எல்., ஜி-லொக், ஆர்.டி.பி.
என்ன தம்பி இது, மருந்துச் சீட்டா?

சிரித்தான். உடைந்த தமிழில் சொன்னான்:
பி.எஃப்.எல். என்றால்
எஞ்சின் நின்றுபோனதாய் நடிக்கிறது அக்கா.
மாஸ்டர் கைப்பிடியைப் பின்னால் இழுத்துவிடுவார்.
இறங்க நான் ஒரு வயல் தேடவேண்டும்.

எந்த வயல்?

வெட்டின வயல் நல்லம். மாடு நிற்காத வயல்.
புகை சாயும் பக்கம் பார்த்து
காற்றுக்கு எதிராய் இறங்கி இறங்கி
ஐநூறு அடியில் திரும்ப எழும்பிவிடுவோம்.
வயல்காரனுக்குத் தெரியவே தெரியாது.

தெரியும் என்று நான் சொல்லவில்லை.

தாள் இறுகிக்கொண்டது. அதை இழுத்தெடுக்கும்வரை
அவன் கடைக் கதிரையில் இருந்து கண்ணை மூடினான்.
வலக்கையில் இல்லாத ஒரு தடி,
உதட்டில்
டவுன்விண்ட், பேஸ், ஃபைனல்.
இதுக்கும் பெயர் உண்டாம், கதிரைப் பறப்பு.
எண்ணெய்ச் செலவில்லை, பிழைத்தாலும் சாவில்லை.

எங்களிடமும் ஒரு அகராதி இருந்தது,
காதால் படித்தது.
சகடை உருண்டு உருண்டு வரும், ஒளிய நேரம் தரும்.
சியாமாசெட்டி குத்துமுன் ஒரு கணம் குரல் மாறும்.
கிபிர் சத்தம் கேட்டதென்றால்
விழுந்தது உன்மேல் அல்ல.
எட்டு வயதில் அந்தப் பாடத்தில் நான்தான் முதலாம் ஆள்.
ரீச்சர் வாய் திறக்கமுதல் மேசைக்கடியில் இருப்பேன்.

ஜி-லொக்கையும் கேட்டுவைத்தேன்.
இறுக்கித் திருப்பினால் இரத்தம் காலுக்கு இறங்கும்,
கண் இருட்டும், நினைவு போய்விடும்.
எவ்வளவு நேரம்?
பத்து, பதினைந்து செக்கன்.
மறுகா?
மறுகா நினைவு வரும் அக்கா.
ஆனால் மயங்கினது மட்டும்
சிலபேருக்கு ஞாபகத்திலேயே இராது.

நாற்பத்தோராம் பக்கத்தில் ‘இலக்கு’ என்ற சொல்.
மை மங்கலாய் விழுந்திருந்தது.
இன்னொரு தரம் அடித்துக் கொடுத்தேன்.
மிச்சக் காசு இருபது ரூபா
வாங்காமல் மழைக்குள் ஓடினான்.

வியாழன் வானம் வெளித்தது.
வலையிறவுப் பாலத்துக்கு மேலால்
ஒரு சத்தம் சுற்றி வந்தது.
டவுன்விண்ட் என்று சொல்லிப் பார்த்தேன்.
சொல் சரியாய்த்தான் வந்தது.
மேசைக்கடியில் இருந்து சொன்னேன்.