டாலர் குறிக்கு முன்

மொந்தேவிதேயோ. ஜூலை மாதம், அங்கே கடுங்குளிர்.
ஓய்வூதிய அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்
நெலிதா பெந்தங்கூர் ஒரு பெயரைத் தேடுகிறாள்.
கவுண்டருக்கு அப்பால் எல்பியோ எச்செவெரி,
இறைச்சி ஆலையில் மாடு உரித்தவர்,
வெந்நீர்ப் பிளாஸ்கை அக்குளில் இடுக்கி நிற்கிறார்.
எண்பத்தொன்று முதல் எண்பத்தாறு வரை
அவர் எங்குமே வேலை பார்க்கவில்லை
என்கிறது தரவுத்தளம்.

பெயரை அப்படியே தட்டினாள். பூஜ்ஜியம்.
பாஸ்க் நாட்டுப் பெயர். கப்பலிறங்கிய நாள்முதல்
எழுதியவன் கைக்குத் தக்கபடி வளைந்திருக்கிறது.
நடுவில் ஒரு டி வரும், வராமலும் போகும்:
அதன் பின்னே கேள்விக்குறி.
பி-யா வி-யா? அந்த ஊர்க் காதுக்கு இரண்டும் ஒன்று:
சதுர அடைப்புக்குள் இரண்டையும் குடிவைத்தாள்.
கடைசி எழுத்து நிச்சயமில்லை: அங்கே ஒரு புள்ளி.

நம் எழுத்தில் புள்ளி வைத்தால் உயிர் போகும்.
இங்கே புள்ளி,
எந்த எழுத்தும் வந்து உட்காரலாம் என்று
போட்டுவைத்த நாற்காலி.

முன்னால் கூரைக் குறி, பின்னால் டாலர் குறி.
இங்கே தொடங்கு, இங்கே முடி, மிச்சம் வேண்டாம்.
பதினொரு பேர் வந்தார்கள்.
எல்பியோ வரவில்லை.

பொறுமை கெட்டுப் புள்ளிக்கு ஒரு நட்சத்திரம் சூட்டினாள்.
அது ஊரையே கூட்டிவந்தது.
சர்வர் வீடுவீடாய்க் கதவு தட்டி மூச்சிரைக்க
பாதியில் நிறுத்தினாள்.
அவர் மாத்தே ஊற்றிக் கவுண்டர் வழியே நீட்டினார்.
விதிப்படி கூடாது. உறிஞ்சினாள்.

பிறகு, ஏனென்று தெரியாமல்,
நட்சத்திரத்தை எடுத்தாள். டாலரையும் அழித்தாள்.

முப்பத்தேழு வரிகள்.
வால் நீண்ட எச்செவெரியாக்களுக்கு நடுவே
எல்பியோ. ஓர் எழுத்தும் பிசகாமல்.
பெயர் முடிந்த பிறகு மட்டும்
ஒரு வெற்றிடம்.

எண்பத்தேழில் யாரோ ஒருத்தியின் கட்டைவிரல்
நீளப்பட்டையின் மேல் ஒரு கணம் தங்கிவிட்டது.
சாப்பாட்டு மணி அடித்திருக்கலாம்.
யாராவது கூப்பிட்டிருக்கலாம்.

"என் பேரில் என்ன கோளாறு?"
"ஒன்றுமில்லை."
அதைவிடத் துல்லியமாய் அவளால் சொல்ல முடியாது.
"ஒன்றுமில்லாததற்கா ஐந்து வருஷம்?"
அச்சு எந்திரம் இருமியது.
தாளை இரண்டுமுறை படித்துவிட்டுப் படியிறங்கினார்.

அவர் போனதும் இன்னொரு வினவல் எழுதினாள்:
வெற்றிடத்தில் முடியும் பெயர்கள்
மொத்தம் எத்தனை?
தட்டிவிட்டு,
எண் வரும்வரை
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.