பதினெட்டு ரூபாய்

நேற்றுவரை பதினைந்து.
இன்று காலை பலகையில் ஐந்தை அழித்து
எட்டு எழுதியிருந்தார் பொங்கியண்ணன்.
ஈரத்துணியால் அழித்தது.
ஐந்தின் வயிறு இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

காதர்பேட்டைச் சந்தில்
ஷட்டர்கள் பாதி ஏறிய நேரம்.
பனியன் மூட்டை ஏற்ற வந்த டெம்போ
வழியை அடைத்துக்கொண்டு நிற்க,
அதன் பின்பலகைதான் எங்களுக்கு மேசை.
கம்பெனிச் சங்குக்கு இன்னும் இருபது நிமிஷம்.

முதலில் குடித்தவர் சென்னியப்பன்.
கட்டிங் மாஸ்டர்.
அறுபது மடிப்புத் துணியில் ஒரு மடிப்பு
நூலளவு நகர்ந்தாலும் மிஷினை நிறுத்துகிறவர்.
"மூணு ரூவா ஏத்திப்போட்டீங்களாட்ட இருக்குதுங்."
"பாலு ஏறிப்போச்சுங்."
"அதுஞ் சரிதானுங்."
ஒரு வாய் உறிஞ்சினார்.
உறிஞ்சியவர் டெம்போவின் நம்பர் பிளேட்டைக்
கொஞ்ச நேரம் படித்தார்.
பிறகு மீதியையும் குடித்துவிட்டார்.

அடுத்து துளசிமணி. செக்கிங் செக்‌ஷன்.
கடுகளவு எண்ணெய்க் கறையை
டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்து
பீஸை ஓரமாக எறிகிற கை.
அந்தக் கை டம்ளரோடு அப்படியே நின்றது.
"பதினெட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.
இருபதைக் கொடுத்தவள்
மீதி இரண்டை வாங்க மறந்துவிட்டாள்.

மூன்றாவது ஆள் குடிக்கவில்லை.
எக்ஸ்போர்ட் ஆபீஸ் பையன்.
டெல்லியிலிருந்து பையர் வந்திருக்கிறாராம்,
ஃபிளாஸ்க் நிறைய வாங்கிக்கொண்டு
ஓட்டமாகப் போனான்.

நான் நாலாவது.

உப்பு.

நாக்கு நம்பவில்லை.
நுரை இருக்கிறது, டிகாஷன் மணம் இருக்கிறது,
விரல் சுடுகிறது,
எல்லாம் காப்பிதான்,
குடிக்கிற இடத்தில் மட்டும்
போண்டா மாவு.

சொல்லியிருக்கலாம்.
விலைக்கு இப்போதுதான் முனகியிருந்தேன்.
ஒரே காலையில் ஒரு மனுசனிடம்
இரண்டு குறை எப்படிச் சொல்வது?
எனக்கு முன்னால் இரண்டு பேர் குடித்தார்களே,
கோளாறு என் வாயில்தான் இருக்கும்,
வெறும் வயிற்றில் போட்ட பிரஷர் மாத்திரையாக இருக்கும்.
அப்புறம் இந்த ஊரில்
வசவுக்கும் 'ங்க' சேர்த்தே பழக்கம்.
'உப்புங்க' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
பாதி உப்பு அதிலேயே கரைந்துவிட்டது.

குடித்தேன்.
எனக்குப் பின்னால் இரண்டு பேர் குடித்தார்கள்.
அதில் ஒருவர் "இன்னிக்கு ஸ்ட்ராங்குங்" என்றார்.

ஜிது ஏழாவது.
ஒடிசாக்காரன், ஓவர்லாக் டெய்லர்.
அவன் தமிழுக்கு வயது பதினோரு மாதம்.
அதில் 'ங்க' இன்னும் முளைக்கவில்லை.

ஒரு வாய்.
"அண்ணா, உப்பு."

டெம்போ டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

பொங்கியண்ணன் சர்க்கரை டப்பாவைத் திறந்து
விரலால் தொட்டு நக்கினார்.
மூடியைப் பார்த்தார், அடியைப் பார்த்தார்.
பிறகு எங்களைப் பார்த்தார்,
ஒவ்வொருத்தராக.
"ஏனுங், ஒருத்தராச்சும் சொல்லப்படாதுங்களா?"

டம்ளருக்குள் எதையோ தேடினேன்.
சென்னியப்பன்தான் தொண்டையைச் செருமினார்:
"மூணு ரூவா சேத்தி வாங்கறீங்களே,
புதுசா என்னமோ போட்டிருப்பீங்களாக்கும்னு
நெனச்சனுங்."

துளசிமணிக்குப் புரை ஏறிவிட்டது.
சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.
பொங்கியண்ணன் சிரிக்கவில்லை.
எல்லோருக்கும் மறுபடி ஆற்றினார்.
மறு காப்பிக்குக் காசு கேட்கவில்லை,
முதல் காப்பியின் காசைத்
திருப்பித் தரவும் இல்லை.
துளசிமணியின் இரண்டு ரூபாயை மட்டும்
கல்லாவிலிருந்து எடுத்து நீட்டினார்.

அப்போதுதான் யாரோ கேட்டார்கள்:
"அந்த ஃபிளாஸ்க்குங்?"

வடிகட்டி கையிலேயே நின்றது.
நாலு சந்து தள்ளி, இந்நேரம்,
ஏசி ரூமில், கண்ணாடி மேசையில்,
ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

"ஜிது, நீ ஓடு" என்றார்.
சென்னியப்பன் இருந்தார், நான் இருந்தேன்,
ஸ்ட்ராங் என்றவரும் இருந்தார்.
எங்களில் யாரை அனுப்பினாலும்
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்
காப்பி எப்படி இருக்குதுங் என்று கேட்டு,
நல்லாருக்குதுங் என்ற பதிலை வாங்கிக்கொண்டு
திரும்பி வந்திருப்போம்.

டம்ளரை டெம்போவில் வைத்துவிட்டு
ஓடினான் ஜிது,
ஒரே ஒரு சொல்லை
வாயில் வைத்துக்கொண்டு.