வெற்று வட்டம்

வரைபடத்தில் இதற்கு
வடதுருவத்தைச் சுற்றி ஒரு கிழிந்த மாலை:
ஸ்வால்பார்ட், ஐஸ்லாந்து, கிரீன்லாந்தின் கரையோரம்,
அலாஸ்கா, சைபீரியா.
நூலறுந்து உருண்ட மணிகளாக
இமயத்தில் சில மடிப்புகள்,
ஸ்காட்லாந்தில் இந்த ஸ்கை தீவு,
பிறகு, யாரும் நம்பாத தூரத்தில்,
தென்னமெரிக்காவின் கடைசி முனை.
எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள்.
ஏதாவது பறவையின் காலைக் கேளுங்கள்.

என் கேள்வி சின்னது:
இந்த மேட்டில் எத்தனை?

ஆகஸ்ட் மூன்றாம் வாரம்.
சாரல் மேலிருந்து வராமல் பக்கவாட்டில் வருகிறது.
மண்டியிட்டால்தான் கண்ணில் படும்:
சிவந்த தண்டு,
தீக்குச்சித் தலையளவு இலை,
பூ என்று சொன்னால்
பூவுக்கே சந்தேகம் வரும்.
கோனிகியா.
செடியைவிடப் பெயர் நீளம்.

வேரை விட்டுவைத்துக் காத்திருக்கிற இனமில்லை.
கிழங்கு கிடையாது, கட்டை கிடையாது.
பனி விலகிய சில வாரங்களில்
முளைத்து, பூத்து, விதை உதிர்த்து
குலத்தோடு மாண்டுபோகும்.
அக்டோபரில் நீங்கள் வந்தால்
நான் பொய் சொன்னதாகத் தோன்றும்.

நான்கு வருடம் முன்பு
வேலி போட்டது நான்தான்.
ஆடுகள் மிதிக்கின்றன என்று அறிக்கை எழுதி,
கம்பியும் கழியும் முதுகில் சுமந்து,
மழையில் இரண்டு நாள்.
ஆடுகளின் சொந்தக்காரர் டார்க்கில் மெக்கஸ்கில்
வாயைத் திறக்கவில்லை.
சுத்தியலை மட்டும் எடுத்துத் தந்தார்.

முதல் வருடம் வேலிக்குள் நானூற்றுப் பன்னிரண்டு.
அடுத்து நூற்றெழுபது.
போன வருடம் ஒன்பது.
இன்று
பாசி.
பச்சையாக, தடிமனாக, வெகு அழகாக.
முழங்காலுக்கு இதமாக இருந்தது.
அதுதான் வயிற்றைக் கலக்கியது.

கண்ட இடத்துக்குக் கரும்புள்ளி,
காணாமல் போனால் வெற்று வட்டம்.
படம் வரைகிறவர்களின் வழக்கம்.
பென்சிலைச் சீவிக்கூட வைத்துவிட்டேன்.

பிறகு, ஒதுங்கலாம் என்று
வேலி தாண்டிக் குந்தினேன்.

கண்ணெதிரே ஓர் ஆட்டுக் குளம்படி.
அரைவிரல் ஆழம்,
கறுத்த பாறைத்தூள், தேங்கிய நீர்,
விளிம்பில் சிவப்பாக
ஏழு.
அடுத்த குளம்படியில் மூன்று.
அதற்கடுத்ததில், எண்ணவே முடியாமல்,
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு.

அப்படியே குந்தியபடி
வெகுநேரம் எண்ணினேன்.
வந்த காரியம் மறந்தே போனது.

குளிர் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நடக்கிறது.
அதைக் கட்டிப்போட என்னிடம் கயிறில்லை.
ஒருநாள் இந்த வட்டம் வெறுமையாகலாம்,
என் பேனா இல்லாமலே.
ஆனால் அது இந்த வருடம் இல்லை.

இருட்டும் நேரம் டார்க்கில் கதவைத் தட்டினேன்.
இடுக்கி கிடைக்குமா என்றேன்.
"எத்தனை, ரோனா?"
"நூற்று முப்பத்தெட்டு. வெளியே."
அவர் உள்ளே போகவில்லை.
கதவுக்குப் பின்னால் ஆணியில்,
எண்ணெய் போட்டு,
மாட்டியிருந்தது.