இருபது தெத்ரி

எங்கள் கட்டிடத்து லிஃப்ட் காசு கேட்கும்.
திபிலீசியில் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் இப்படித்தான்.
உள்ளே ஒரு தகரப் பெட்டி, அதன் நெற்றியில் ஒரு கீறல்.
இருபது தெத்ரி போட்டால் முனகிக்கொண்டு கிளம்பும்.
தெத்ரி என்றால் வெள்ளை.
காசு என்னவோ கறுத்துத்தான் கிடக்கும்.

நான் பதினோராம் மாடி.
எண்பத்தாறு கிலோ.
மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று
ஊராரின் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துத் தருகிறேன்.
என்னுடையதை மார்ச்சில் டாக்டர் மனானா அளந்தாள்.
பட்டையை அவிழ்க்காமல் மறுபடியும் காற்றடித்தாள்.
"தினம் அரை மணி நேரம், லமாரா.
நட, ஓடு, ஆடு, எதையாவது செய்."

அரை மணி நேரம்.
அதை எந்தக் கடையில், எந்த அலமாரியில் வைத்திருக்கிறார்கள்?
காலை ஆறுக்குக் கண் விழித்தால்
ஆறே காலுக்குள் வீட்டில் எல்லாருக்கும்
என் கைகள் தேவைப்பட்டுவிடுகின்றன.
இரவு பத்துக்கு மேல் நேரம் இருக்கிறது,
அப்போது நான் இருப்பதில்லை.

வார்சாவிலிருந்து மகள் தெக்லே காலணி அனுப்பினாள்.
தீக்கங்கு நிறம்.
உள்ளே அடைத்த காகிதத்தைக்கூட எடுக்காமல்
கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன்.
திங்கட்கிழமை தொடங்கலாம் என்று.
எங்கள் மொழியில் திங்களின் பெயருக்குள்ளேயே
இரண்டு என்ற எண் இருக்கிறது.
ஒவ்வொரு திங்களும் எனக்குத் தோன்றும்,
முதல் நாள் போய்விட்டதே,
சரி, அடுத்த வாரம்.

அக்டோபரில் ஒரு மாலை.
பையைத் தலைகீழாகக் கவிழ்த்தும் சில்லறை இல்லை.
இருந்த ஒரே தாளை மாற்றித் தர
கீழே ஆளும் இல்லை.

ஏறினேன்.

நான்காம் மாடியில் யாரோ கத்தரிக்காய் வதக்கினார்கள்.
அந்த வாசனையைச் சாக்காக வைத்து நின்றேன்.
ஆறாம் மாடியில் ஜுஜூனாவின் பியானோ வகுப்பு.
ஒரு பையன் ஒரே இடத்தில் தடுக்கி
பின்னால் போய் ஓடி வந்து
மறுபடி அங்கேயே தடுக்கினான்.
எட்டில் விளக்கு எரியவில்லை.
யாரோ கதவை இடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.
என் நெஞ்சு.

பதினொன்றில் சாவி துவாரத்தைத் தேடி நடுங்கியது.
கடிகாரம் பார்த்தேன்:
ஒன்பது நிமிடம்.
வீட்டில் ஒருவரும் பட்டினியால் செத்திருக்கவில்லை.

அன்று செலவாகாத காசை மறுநாள்
காலி ஜாம் புட்டியில் போட்டேன்.
ஆரோக்கியத்துக்காக ஏறினேன் என்று சொல்ல ஆசைதான்.
கஞ்சத்தனம். வேறொன்றுமில்லை.
உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்த நாட்களில்
கூச்சப்படாமல் லிஃப்ட் ஏறினேன்.
கால் வலித்த நாளிலும்,
வலிக்காத சில நாளிலும்.
அப்படியும் டிசம்பர் முடிவில் எண்ணினால்
நான்கு லாரி நாற்பது.
இருபத்திரண்டு முறை.
காகிதத்தை உருவிவிட்டுக்
காலணிக்குள் காலை நுழைத்தது அன்றைக்குத்தான்.

ஜனவரியில் குடியிருப்போர் சங்கத்து வாஜா
திருப்புளியோடு வந்து பெட்டியைக் கழற்றினான்.
இனி மாதக் கட்டணமாம், வீட்டுக்கு வீடு,
ஏறினாலும் ஏறாவிட்டாலும்.
சுவரில் நான்கு ஓட்டைகள் மிஞ்சின.
நல்ல செய்திதானே என்றான்.
திருடு கொடுத்தவள்போல நின்றேன் நான்.

மூன்று வாரம் லிஃப்டில்தான் போனேன்.
கட்டிய பணம் வீணாகலாமா?
அதே கஞ்சத்தனம், இப்போது எதிர்க்கட்சியில்.

இன்றும் ஏறவில்லை.
மழை, நனைந்த மூட்டை, தங்கையின் தொலைபேசி.
லிஃப்ட் ஆறாம் மாடியைக் கடக்கும்போது
பியானோ கேட்டது, அரை நொடி.
கதவு இரும்பு.
அந்தப் பையனா, அந்த இடமா, தெரியவில்லை.

நாளை செவ்வாய்.
எங்கள் மொழியில் அதற்குள் மூன்று இருக்கிறது.
முதலும் போயிற்று, இரண்டும் போயிற்று,
இருக்கட்டும்.
காலணியைக் கதவருகில் வைத்திருக்கிறேன்.
அவன் இன்னும் அங்கேயே தடுக்குகிறானா என்று
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.